மூணாம் பெட்டுக்காரர் சொன்ன பேர்

முதல் பெட்டில் மேல்பட்டாம்பாக்கம் டீச்சர். ரிட்டயர் ஆனவர். தலையணைக்கு அடியில் ஜெபமாலை. டிவி ரிமோட்டும் அவரிடம்தான்.

இரண்டாம் பெட்டில் என் மனைவி செல்வி.

மூன்றாம் பெட்டில் அவர்.

நான்காம் பெட்டில் கிள்ளை சுந்தர். படகு ஓட்டியவன். இருபத்தாறு வயது.

ஐந்தாம் பெட்டில் ஒரு பெரியவர். ஊசி குத்தியதும் தூங்கிவிடுவார். நாலு மணி நேரம் கழித்து எழுந்து செருப்பைத் தேடுவார். அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஊசி போட ஒரு சிஸ்டர். செல்வி பக்கத்தில் ஸ்டூலில் நான். சுவரில் டிவி.

சிதம்பரத்தில் டயாலிசிஸ். புதனும் சனியும், மதியம் பன்னிரண்டு மணி பேட்ச். நாங்கள் சேர்ந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் வந்து பஸ் மாறிப் போக வேண்டும். நான் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். அந்த இரண்டு நாளும் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன்.

மூன்றாம் பெட்டில் இருந்தவர் பேர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. அவரே யார் பேரையும் சொல்லாதவர். நாங்கள் மூணாம் பெட்டுக்காரர் என்றுதான் சொல்வோம்.

முதல் நாள் ஊசியைப் பார்த்ததும் செல்வி எழுந்துவிட்டாள். கோணி தைக்கிற ஊசி மாதிரி இருக்கும். இரண்டு ஊசி. ஒன்றில் ரத்தம் வெளியே போகும், ஒன்றில் உள்ளே வரும்.

"நா வரல. ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

சிஸ்டர் அதட்டினார். நான் கையைப் பிடித்தேன். உதறினாள்.

பக்கத்து பெட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, பழைய படத்துல முழுக்கை ரவிக்கை போட்டுக்குனு ஒரு ஹீரோயினி வருவாங்களே. எல்லாப் படத்துலயும் முழுக்கைதான். ஏன்னு தெரியுமா?"

செல்வி திரும்பிப் பார்த்தாள். ஒல்லியான ஆள். தலைக்கு மை. சட்டையில் கழுத்துவரை பட்டன். வாட்ச் வலது கையில். இடது கையில் ஊசி, டியூப்.

"இந்த ஊசித் தழும்புதான். இடது கை முழுக்கப் பொடச்சிக்குனு இருக்கும். அத மறைக்கத் தச்ச ரவிக்கை. ஊர்ல இருக்குற பொம்பளைங்க ஃபேஷன்னு நெனச்சி எல்லாரும் முழுக்கை தச்சாங்க. கடலூர்ல அந்தத் தீபாவளிக்கு டெய்லருங்களுக்கு சோறு துன்ன நேரம் இல்ல."

"யாருங்க அது?"

"பேரு சொல்ல மாட்டேன். அந்தம்மா மறைச்சது. நாம தெறக்கக் கூடாது."

செல்வி யோசித்துக்கொண்டே உட்கார்ந்தாள். சிஸ்டர் கையைப் பிடித்து ஊசியை இறக்கினார். அம்மா என்று ஒரு சத்தம். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"எத்தினி வருசம் நடிச்சாங்க?"

"அதுக்கப்பறம் பதினாறு வருசம்."

அந்த வாரமே இரண்டு முழுக்கை ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். யார் அந்த நடிகை என்று வீட்டில் நாலு நாள் யோசித்தாள். அவளே ஒரு பேரை முடிவு செய்துகொண்டாள். டீச்சர் வேறு ஒரு பேரை வைத்திருந்தார்.

மூணாம் பெட்டுக்காரர் படக் கம்பெனி ரெப்பாக இருந்தவர். படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போவார். கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், சிதம்பரம். கொட்டகைக்காரன் கிழித்த டிக்கெட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிற தலையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. எண்ணியதைக் கம்பெனிக்கு மட்டும் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் மூச்சு விடக் கூடாது. அதில் பழகிய வாய். கதை சொல்லும், பேர் சொல்லாது.

அவர் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இடைவேளையில் டிக்கெட் கட்டைச் சரிபார்க்க ஆபீஸ் ரூமுக்குப் போய்விடுவார். முடித்துவிட்டுக் கடைசி பஸ். முப்பது வருஷம் அப்படி. ஆஸ்பத்திரி டிவியில் படம் முடிவுக்கு வரும்போது அவர் கண் ஸ்கிரீனைவிட்டு நகராது.

"டீச்சர், என்னா ஆவுது? அந்தப் பொண்ணு பொழைக்குதா?"

"இருங்க, பாருங்களேன்."

"இல்ல, சொல்லிடுங்க. தாங்காது."

டீச்சர் சொல்வார். செத்துவிடும் என்றால் அவர் டிவி பக்கம் பார்க்க மாட்டார். இடைவேளைக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்.

டீச்சருக்குச் சர்க்கரையில் இரண்டு கால் விரல் போயிருந்தது. அதற்கும் மூணாம் பெட்டுக்காரர் ஒரு ஆள் வைத்திருந்தார்.

"ஒரு ஹீரோ, ஏர் ஓட்டுறப்பக்கூட பூட்ஸ் போட்டுக்குனு ஓட்டுவாரு. ஜனம் சிரிச்சிது. பத்திரிகையில கிண்டல் பண்ணாங்க. கால்ல மூணு வெரலுதான். ஒரு சண்டையில எகிறி உதைச்சாரு, பூட்ஸ் கழண்டு கேமரா மேல போய் விழுந்துச்சி. செட்ல இருந்தவன் எல்லாம் தலையக் குனிஞ்சிக்கினான். ஒருத்தன்கூட வெளிய சொல்லல."

"யாரு, அந்தச் சுருட்டை முடிக்காரரா?" என்றார் டீச்சர்.

"நீங்க யார வேணா நெனச்சிக்குங்க."

டிவியில் சீரியல் ஓடினால் வேறு மாதிரி பேசுவார். மாமியாராக வருகிற அம்மா தன் மகனாக நடிக்கிறவரைவிட இரண்டு வயது சின்னவர். மருமகள் வேஷம் கேட்டுத்தான் வந்தாராம். அழுகிற அழுகையில் பாதி நிஜம் என்பார். படத்தில் வருகிற மழை தீயணைப்பு வண்டித் தண்ணீர். அந்தத் தண்ணீர் நாறும். காதல் பாட்டில் ஹீரோயினி முகத்தைத் திருப்புவது வெட்கத்தில் இல்லை, நாற்றத்தில். சுந்தர் சிரிப்பான். சிரித்தால் ஊசி அசையும். மெஷின் கத்தும். சிஸ்டர் ஓடி வருவார்.

"உங்க வாய மூட ஒரு மெஷின் வரணும்" என்பார் சிஸ்டர்.

சுந்தருக்குக் கல்யாணம் நின்றுபோயிருந்தது. நிச்சயம் பண்ணிய பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அவன் அதை வைத்தே பேசுவான்.

"மாமா, எனக்கு ஒரு ஆளு சொல்லு. சீக்காளிக்குப் பொண்ணு குடுத்த மாமனாரு எந்தப் படத்துல வர்றாரு?"

"படத்துல இல்லடா, நெஜத்துல. ஒரு பாட்டு வாத்தியக்காரரு. தாலி கட்டிட்டு மண்டபத்துல இருந்து நேரா ஆஸ்பத்திரி. மாலையோட படுத்து மெஷின் போட்டுக்கினாரு. பொண்ணு பக்கத்துல உக்காந்து விசிறுச்சி."

"மாலையோடவா? பூவுல ஈரம் இருக்கும் மாமா. எடை ஏறிடப் போவுது."

டீச்சர்கூட சிரித்தார். எங்களுக்குத் தண்ணீர்தான் கணக்கு. ஒரு நாளைக்கு அரை லிட்டர். சோறு, குழம்பு, மாத்திரை எல்லாம் சேர்த்து. கூடக் குடித்தால் எடை ஏறும், கால் வீங்கும், மூச்சு முட்டும். செல்வி வாயில் ஐஸ்கட்டி வைத்துக்கொண்டு இருப்பாள். நான் கரும்பு லோடு ஓட்டிவிட்டு வந்தால் கொல்லைப்புறம் போய்த் தண்ணீர் குடிப்பேன். அவள் எதிரில் குடிக்க மாட்டேன்.

"அந்த வாத்தியக்காரரு எத்தினி வருசம் இருந்தாரு மாமா?"

"பதினாறு வருசம்."

எல்லாருக்கும் பதினாறு வருஷம். நான் கவனித்தேன். பூட்ஸ் போட்டவருக்கும் அதேதான். செல்வியிடம் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை ஐந்தாம் பெட்டுப் பெரியவர் வரவில்லை. பெட்டைத் துடைத்து ஈரம் காயாமல் இருந்தது. டிவி ஓடியது. மூணாம் பெட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அவருக்குன்னு நான் ஒருத்தரையும் சொல்லல."

"என்னா மாமா?" என்றான் சுந்தர்.

"தூங்கிக்கினே இருந்தாரு. சொல்ல நேரமே கெடைக்கல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன். தப்பு செய்துவிட்ட ஆள் மாதிரி இருந்தது.

செல்விக்குக் கிட்னி மாற்றினால்தான் மெஷின் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். என் ரத்தம் சேரவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. செல்விக்கு ஒரே தம்பி, வேலு. கடலூர் முதுநகரில் இருந்தான். துறைமுகத்தில் மீன் பெட்டி, ஐஸ் பெட்டி தூக்குகிற வேலை. மனைவி அஞ்சலை. இரண்டு பிள்ளைகள்.

டாக்டர் அவனுக்கும் சொன்னார். ஒன்றை எடுத்தாலும் இன்னொன்று வேலை செய்யும், பயம் இல்லை என்றார். வெளியே வந்ததும் வேலு சொன்னான்.

"டாக்டரு எல்லாருக்கும் அதத்தான் மாமா சொல்வாரு. அவரு வேலை அது."

"ஆமா மச்சான்."

"பாக்கலாம் மாமா."

நான் மறுபடி கேட்கவில்லை. செல்வி கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஒரு புதன்கிழமை வேலு அக்காவைப் பார்க்க வந்தான். இரண்டு ஆப்பிள் வாங்கி வந்தான். ஸ்டூலை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றேன். அக்கா கையில் ரத்தம் ஓடுகிற டியூப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தொட்டுப் பார்த்தான்.

"சூடா இருக்குதுக்கா."

"என்னுதுதான, சூடாத்தான் இருக்கும்."

மூணாம் பெட்டுக்காரர் அவனைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்னா வேலை?"

"லோடுதாங்க. ஹார்பர்ல."

"மூட்ட தூக்க முடியுமான்னு யோசனையா?"

வேலு டியூப்பிலிருந்து கையை எடுத்தான்.

"ஒரு சண்டை நடிகரு. வில்லனா வந்து அப்பறம் அப்பா வேசம் கட்டுனவரு. கூடப் பொறந்த அக்காளுக்கு ஒரு கிட்னி குடுத்துட்டாரு. வயசு முப்பதுல. அதுக்கப்பறம்தான் அத்தினி படமும். ஆள அப்படியே தலைக்கு மேல தூக்கி வீசுவாரு. டூப்பு கெடையாது."

"யாருங்க?"

"பேரு வேணாம்."

"பேரு வேணாம்னா எப்படிங்க? பேரு தெரியாத ஆள நம்பி நான் வயித்தக் கிழிச்சிக்கணுமா?"

சுந்தர் சிரிக்கவில்லை. டீச்சர் டிவி சத்தத்தைக் குறைத்தார். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தம்பி, முப்பது வருசமா நான் பேரு சொன்னதில்ல."

"அப்ப உடுங்க."

வேலு எழுந்தான். அவர் செல்வியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். ஊசி இல்லாத கையால் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவன் குனிந்தான். காதில் சொன்னார்.

வேலு நிமிர்ந்தபோது முகமே வேறாக இருந்தது.

"அவரா! அய்யய்யோ. மாமா, யாருன்னு தெரியுமா? அவரு மாமா!"

"சத்தம் போடாத" என்றார் அவர்.

"அவரு ஒத்தக் கிட்னியா? அந்த ஆளு கட்டவண்டியத் தூக்குவாரே!"

அன்றைக்கே வேலு சரி என்றான். போகும்போது அந்தப் பேரை எங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போனான்.

சென்னைக்குப் போனோம். வேலுவுக்குச் சோதனை மேல் சோதனை. எல்லாம் சேர்ந்தது. ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்தார்கள். வேலு துறைமுகத்தில் எல்லாரிடமும் சொன்னான். எனக்கும் அந்த நடிகருக்கும் இனிமேல் ஒரே கணக்கு என்று சொன்னானாம். கூட வேலை செய்கிறவர்கள் அவனை அந்த நடிகர் பேர் வைத்தே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் அதை ரசித்தான். அஞ்சலை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஆனால் தடுக்கவில்லை.

செல்வி டீச்சரிடம் சொன்னாள்.

"ஆபரேசன் முடிஞ்சி வந்து ஒரு சொம்புத் தண்ணிய அண்ணாந்து குடிப்பேன். நீங்க எல்லாரும் பாக்கணும்."

தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. சனிக்கிழமை. எல்லாருக்கும் ஊசி போட்டு முடித்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் கீழே எழுத்து ஓடியது. நான் மெதுவாகப் படிக்கிறவன். நான் படித்து முடிப்பதற்குள் டீச்சர் "ஆண்டவரே" என்றார்.

அந்த நடிகர் செத்துப்போயிருந்தார்.

மூணாம் பெட்டுக்காரர் சொன்னார்.

"டீச்சர், வேற சேனல் வைங்க."

டீச்சர் மாற்றினார். அதிலும் அவர்தான். இன்னொன்று. அதிலும். ஒரு ஆளைத் தலைக்கு மேல் தூக்கி வீசினார். திரும்பத் திரும்ப அதையே காட்டினார்கள்.

என் செல்போன் அடித்தது. அஞ்சலை.

"அண்ணா, டிவி பாக்குறீங்களா?"

"பாக்குறேன்மா."

வைத்துவிட்டாள்.

மறுநாள் கடலூர் போனேன். வேலு வீட்டுக்குள் இருந்தான். வெளியே வரவில்லை. அஞ்சலைதான் பேசினாள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. ஒத்தக் கிட்னில இருந்தவரு போயிட்டாரு."

"எழுபது வயசும்மா அவருக்கு. வயசாயி செத்தாரு."

"டிவில என்னா சொன்னாங்க? ஒடம்பு சரியில்லாம இருந்து செத்தாருன்னாங்க. ஒடம்புல எதுன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"அதான். சொல்ல மாட்டாங்க. அவரு மறைச்சி வச்சிருந்தாரு இல்ல?"

உள்ளே பார்த்து, "மச்சான்" என்றேன். வேலு குரல் மட்டும் வந்தது.

"ஹார்பர்ல எல்லாரும் என்ன அவரு பேர் சொல்லித்தான் மாமா கூப்புடுறாங்க. இன்னிக்கும் கூப்புட்டாங்க."

புதன்கிழமை சீக்கிரமே போய்விட்டேன். மூணாம் பெட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சொன்னது நெஜமா?" என்று கேட்டேன்.

"எது?"

"ஒத்தக் கிட்னி."

வாட்சைப் பார்த்தார்.

"தெரியாது."

"அப்பறம் ஏன் அந்தப் பேரு?"

"அப்ப டிவில அவருதான் ஓடிக்கினு இருந்தாரு."

நான் அடிக்கவில்லை. கை வந்தது. அவருடைய கையில் இருந்த வீக்கத்தைப் பார்த்தேன். செல்வி கையிலும் அதே வீக்கம்தான்.

மறுபடி வேலுவிடம் போனேன். இந்த முறை வெளியே வந்தான். இளைத்திருந்தான்.

"மச்சான், அந்த ஆளு சொன்னது பொய்யி. நடிகருக்கு ரெண்டும் இருந்துச்சி. அவரு சாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

வேலு என்னையே பார்த்தான்.

"பொய்யா?"

"பொய்யி."

"அப்ப ஒத்தக் கிட்னில இருந்த ஆளுன்னு ஒருத்தர்கூட இல்லையா மாமா?"

நான் அங்கிருந்து வந்துவிட்டேன். உண்மை என்றால் அதனால் செத்தார். பொய் என்றால் யாருமே பிழைத்ததில்லை. இரண்டு பக்கமும் சுவர்.

செல்வி ஒன்றும் அழவில்லை. "அவன உடுங்க. ரெண்டு புள்ள இருக்குது" என்றாள். அப்புறம் காய்கறியை வேகவைத்து, அவளுக்கு ஆகாத அந்தத் தண்ணீரைக் கொட்டப் போனாள்.

சனிக்கிழமை ஊசி போடும் முன் மூணாம் பெட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு என்ன உங்க மச்சான் ஊட்டுக்குக் கூட்டிக்கினு போங்க."

"எதுக்கு?"

"கூட்டிக்கினு போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். கூட ஒரு அம்மா. அறுபது வயது இருக்கும். கட்டையான உடம்பு. நெற்றி மேட்டில் சும்மாடு வைத்துத் தேய்ந்த தடம்.

"எங்க அக்கா. பண்ருட்டி மண்டியில பலாப்பழம் செமக்குறாங்க" என்றார்.

வேலு வீட்டில் பாய் போட்டார்கள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சட்டைப் பட்டனைக் கழற்றினார். அந்த இரண்டு வருஷத்தில் அவர் சட்டையைத் திறந்து நான் பார்த்ததில்லை. வயிற்றில் வலது பக்கம் கீழே வளைந்த தழும்பு.

"இது எங்கக்காது. உள்ள வச்சித் தச்சாங்க."

அந்த அம்மா அஞ்சலையை மட்டும் உள்ளே கூட்டிப்போய்த் தன் தழும்பைக் காட்டினார். திரும்பி வந்தார்கள். அஞ்சலை முகம் மாறியிருந்தது.

வேலு அந்த அம்மாவைக் கேட்டான்.

"குடுத்து எத்தினி வருசம் ஆவுதுங்க?"

"ஒம்பது வருசம்."

"அதுக்கப்பறமும் செமக்குறீங்களா?"

"முந்தாநாளுகூட செமந்தேன் தம்பி. எனக்கு ஒரு குறையும் இல்ல. முட்டிதான் வலிக்கும். அது பழத்தால."

வேலு சிரித்தான். நடிகர் செத்த பிறகு அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன். இதை அன்றே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன்.

அஞ்சலை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, அக்கா கிட்னி உங்ககிட்டதான இருக்குது?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க ஏன் மெஷினுக்குப் போறீங்க?"

அவர் பட்டனைப் போட ஆரம்பித்தார். கீழிருந்து மேலாக. கடைசிப் பட்டன் வரை போட்டார்.

"மூணு வருசம் ஓடுச்சி. நின்னு போச்சி."



"இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்றாள் அஞ்சலை.

"இதாலதான்" என்றார்.

அவர் அக்கா வேலுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மூணு வருசம் இவன் எங்கூட உக்காந்து வயிறு முட்டத் தண்ணி குடிச்சான். ஒரு சொம்பு முழுசா. நான் பாத்தேன். எனக்கு அது போதும்."

"உங்களுக்குப் போதும்க்கா" என்றாள் அஞ்சலை. "எனக்குப் போதாது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னாள். வேலு கையை இழுத்துக்கொண்டான். டீ வந்தது. அவர் டீயைத் தொடவில்லை. அன்றைய அளவு முடிந்துவிட்டது என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அவர் அக்கா பண்ருட்டி பஸ் ஏறினார். அவரும் நானும் நின்றோம்.

"எல்லாருக்கும் மூணு வருசத்துல நிக்காது" என்றார். "இருவது வருசம் ஓடுறதும் இருக்குது. டாக்டரு சொன்னாரு."

"அத அங்க சொல்லியிருக்கலாமே."

"யாருன்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாது."

ஐப்பசித் திங்கட்கிழமை வந்தது. நான் லோடு ஓட்டினேன். செல்வி துணி துவைத்தாள்.

அவர் காலை பேட்ச்சுக்கு மாற்றிக்கொண்டார். மூன்றாம் பெட்டில் ஒரு காண்ட்ராக்டர் வந்தார். அவர் எந்நேரமும் போனில் பேசுவார். டீச்சர் ரிமோட்டைச் சுந்தரிடம் கொடுத்துவிட்டார். அவன் கிரிக்கெட் வைத்தான்.

பதினொன்றரைக்குக் காலை பேட்ச் வெளியே வரும். நாங்கள் உள்ளே போவோம். ஒரு நாள் வாசலில் மூணாம் பெட்டுக்காரர் எதிரே வந்தார். தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார். செல்வி வழியை மறித்தாள்.

"அண்ணே, ஒருத்தரச் சொல்லிட்டுப் போங்க."

"யாரும் இல்லம்மா."

"ஏதாவது சொல்லுங்கண்ணே. நோவு இல்லாதது சொல்லுங்க."

அவர் நின்று யோசித்தார். நெஜமாகவே யோசித்தார். வாய் அசைந்தது. கைக் கட்டில் ரத்தம் கசிந்திருந்தது, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் வரலம்மா" என்றார். போய்விட்டார்.

தை மாதம் அவர் செத்துப்போனதாக சிஸ்டர் சொன்னார். நாங்கள் கேட்டபோது காரியமே முடிந்திருந்தது. சுந்தர் டிவியை நிறுத்தினான். காண்ட்ராக்டர், "ஏம்பா, ஸ்கோர் போவுதுல்ல?" என்றார். மறுபடி போட்டான்.

அவருக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் ஜெபமாலையை எடுத்தார். செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்த நாலு மணி நேரமும் திரும்பவில்லை.

கோடை முடிகிற சமயத்தில் செல்வி போனாள். வீட்டில்தான். மூச்சு முட்டியது. ஆட்டோ வருவதற்குள் முடிந்தது.

வேலு வந்தான். வாசலில் விழுந்து அழுதான். பாடை கட்டும்போது எழுந்து வந்து முன் பக்கம் பிடித்தான்.

"மாமா, நான்..." என்றான்.

"தூக்கு" என்றேன்.

தூக்கினான். கெடிலம் ஆற்றங்கரைச் சுடுகாடு வரை தோள் மாற்றவில்லை.

காரியம் முடிந்து, செல்வி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற துணிப்பையை உதறினேன். ஆஸ்பத்திரி அட்டை விழுந்தது. ஒவ்வொரு முறை மெஷின் போட்டதற்கும் தேதி போட்ட ஒரு முத்திரை. சென்னையில் குறித்துக் கொடுத்த அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு குத்தியவற்றை மட்டும் விரல் வைத்து எண்ணினேன்.

அறுபத்தொன்று.